உடைத்துச் செய்கிற கேக்

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஐயையோ என்று ஓடுவோம், கரித்துணியைத் தேடுவோம், அந்த நேரம் பார்த்துப் போன் செய்தவரைத் திட்டுவோம். கொல்லிமலையில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா இதில் எதையும் செய்ய மாட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அடுப்பை நிதானமாகப் பார்ப்பார்.

"இன்னைக்கி அடுப்பைக் கழுவணும்னுதான் நெனச்சிருந்தேன்" என்பார்.

அவர் நினைத்ததைத் தெரிந்துகொண்டு பாலே வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டது என்று நாம் நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அவர் வீட்டில் எதுவும் கெட்டுப்போகாது, உடையாது, தவறாது. எல்லாமே அவர் முன்கூட்டியே நினைத்திருந்தபடிதான் நடக்கும்.

இப்போது நான் சேந்தமங்கலம் பக்கம் வந்துவிட்டேன். மலையில் இருந்த வருஷங்களில் என் கணவர் செம்மேட்டில் மின்விசிறி, மிக்சி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும்.

தையல்காரிக்கு ஒரு குணம் வந்துவிடும். அக்குளில் பிடிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் பிடிக்கிறதுதான். அதில் வாதாடிப் பயனில்லை. தையலைப் பிரித்து விட்டுக் கொடுக்க வேண்டும். நாளெல்லாம் தப்பை ஒப்புக்கொண்டு பிழைக்கிற தொழில் என்னுடையது. அப்படிப்பட்ட எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருவர். எரிச்சல் வருமா வராதா?

ஒருமுறை தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கத் துணி கொடுத்தார். அளவு ஜாக்கெட் என்று கொடுத்தது அவருடைய மகளுடையது. மகளோ முருங்கைக்காய்போல இருப்பாள். அக்கா அப்படியில்லை. எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன். அளவு சரிதான், தை என்று அடித்துச் சொல்லிவிட்டார். தைத்துக் கொடுத்தேன். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

"அக்கா, மாத்திக் குடுத்துட்டீங்க போல" என்றேன்.

"இல்ல சாமி. மெலியணும்னு நெனச்சிருந்தேன். அதுக்குத்தான் சின்னதாக் குடுத்தேன். இது பொட்டில இருந்தா ஒரு ரோசம் வரும்ல?"

ரோசம் வந்ததாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு அவருடைய சொந்த அளவில் வேறொன்று தைத்தேன். அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெலியாமல் இருந்ததும் நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் இந்தத் துணி வீணாகியிருக்கும் என்றார்.

இன்னொரு நாள் குண்டனி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டார். ஏறி உட்கார்ந்ததோ திண்ணனூர் நாட்டுப் பஸ். ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். கண்டக்டர் எழுப்பியபோது ஊர் மாறியிருந்தது. நான் என்றால் அங்கேயே நின்று அழுதிருப்பேன். இவர் இறங்கி, விசாரித்து, தூரத்து உறவில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, கொண்டுபோன கண்ணாடி வளையல்களை அந்த வீட்டுப் பெண்களுக்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார்.

"அவிய ஊட்டுக்கு ஒரு எட்டுப் போவணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன் கண்ணு."

"அப்ப வளைகாப்பு?"

"அதுக்குத்தான் எல்லாரும் போறாங்களே. நான் ஒருத்தி போவாட்டி வளையல் ஏறாதா?"

அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜீப் ஓட்டுவார். மலை வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு கீழே போய் வருவார். அக்கா எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த ஒரு எழுத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அதற்கும் "ம்"தான்.

மகள் வேறு மாதிரி. எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். சிரிப்பு வந்தால் சிரிப்பாள், அழுகை வந்தால் அழுவாள். அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது பிறந்தநாளுக்கு நாமக்கல்லில் கேக் சொல்லியிருந்தார்கள். மாமா ஜீப்பில் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு வரை அது கேக்காக இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தபோது ரோஜாப்பூவெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. மகளின் பெயர் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது.

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா ஒரு கரண்டியை எடுத்து நீட்டினார்.

"ஒடைச்சே குடுக்கச் சொல்லலாம்னு நெனச்சிருந்தேன். வெட்டற வேலை மிச்சம்."

"அம்மா, ஒரு தடவையாவது போச்சேன்னு சொல்லேன். நானாச்சும் நல்லா அழுதுக்குவேன்" என்றாள் மகள். வந்திருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கரண்டியையும் வாங்கவில்லை.

அந்தப் பெண் நாமக்கல்லில் படிக்கப்போன இடத்தில் காரவள்ளிப் பையன் ஒருவனோடு பழகியிருக்கிறாள். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. நல்ல பையன்தான். ஆனால் இவள் மலைப்பெண், அவன் அடிவாரத்துப் பையன். கேட்டால் இரண்டு பக்கமும் நடக்காது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி, அவனைக் கட்டிக்கொள்ள மலையிறங்கிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் அவளைப் பார்த்தவர்கள் விஷயத்தைக் கொண்டுவந்து அக்கா வாசலில் போட்டார்கள். ஆறுதல் சொல்கிற முகத்தோடு நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நொடி வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாது. நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"ஆமா, நாந்தான் அனுப்பி வெச்சேன்" என்றார். "அப்படித்தான் நெனச்சிருந்தேன். கூட்டம் கூட்டிக் கல்யாணம் பண்ணா ஆருக்கு லாபம்? ஏனுங்க, நீங்கதானே பஸ் ஏத்தி உட்டீங்க?"

மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் பிரஷ். மகள் போனது அவருக்கும் அந்த நிமிஷம்தான் தெரியும்.

"ம்" என்றார்.

வந்தவர்களுக்கு வாயில் போட்டு மெல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பெற்றவர்களே அனுப்பி வைத்த பெண்ணை ஓடிப்போனவள் என்று எப்படிச் சொல்வது? கலைந்து போனார்கள். அக்கா கோலத்தைப் போட்டு முடித்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. எதை அரைத்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது. வெறும் மிக்சி என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. நான் துணியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மோட்டார் சுருள் எரிந்துபோய் அந்த மிக்சி என் கணவரிடம்தான் வந்தது.

"எவ்வளவு நேரம் தாங்குதுன்னு ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சிருந்தேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா சொன்ன பொய் மலையில் நன்றாகவே வேலை செய்தது. கீழேதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. காரவள்ளியில் பையனின் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். ஒரு சீர் இல்லை, ஒரு சொல் இல்லை, பெற்றவளே விடியக்காலையில் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள் என்றால் அது எப்படிப்பட்ட பெண்ணாக இருக்கும்? மகள் எனக்குப் போன் செய்து சொன்னாள். என்னை அவள் சித்தி என்பாள்.

"அத்தை கெட்டவங்க இல்லீங்க சித்தி. ஆனா எந்தப் பேச்சு எடுத்தாலும் கடசீல அங்கதான் வந்து நிக்குது. உங்கம்மாவுக்கே வேண்டாத பொண்ணுதானே நீ, ஊட்டுல என்ன தொல்லை குடுத்தியோங்கறாங்க. 'எனக்குத் தெரியாமத்தான் போனா, போனதுக்கு அழுதேன்'னு அத்தை முன்னால அம்மாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் அம்மாகூட நான் பேச மாட்டேன். அந்த ஊட்டுப் படியும் ஏற மாட்டேன்."

நான் போய்ச் சொன்னேன். அக்கா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நாந்தான் அனுப்பி வெச்சேன்னு சொன்னா அவளுக்குத்தானே மருவாதி? எனக்குத் தெரியாமப் போனான்னா அதுக்குப் பேரு என்ன? அத என் வாயால நானே சொல்லோணுமா?"

"மேல மரியாதைதாங்க்கா. கீழ அவளுக்குப் பேச்சு விழுதே."

"நாளாவட்டத்துல சரியாப் போவும். அப்படித்தான் நெனச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவர் வீட்டுத் தாளிப்பில் நான் தும்மியதும், "மொளகு தூக்கலாப் போட்டேன், உனக்கு சளி போவட்டும்னு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவரோடு கோபமாக இருப்பதும் சுலபமில்லை.

முதல் ஆடி அழைப்பில்லாமல் போயிற்று. அடுத்த ஆடியில் காரவள்ளி அம்மாவே மாமாவுக்குப் போன் செய்தார். பதினெட்டாம் தேதி கோயிலுக்கு மலைக்கு வருகிறோம், மகனும் மருமகளும் கூட வருகிறார்கள், அப்படியே வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறோம் என்றார். மாமா "ம்" என்றார். அக்கா அன்றைக்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் போன் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. யாரோ குழந்தையின் பிறந்தநாள். குச்சியில் குத்திய சாக்லேட் உருண்டைகள் வரிசையாக நிற்கின்றன. கீழே, "சாப்பிட ஆசையா இருக்கு" என்று எழுதியிருந்தாள். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். இது என்ன, இதற்குப் பெயர் என்ன, எப்படிச் செய்வது? கேக் பாப் என்று நான் தேடிக் கண்டுபிடித்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

அந்த வீடியோவில் ஒரு பெண் அழகாக உப்பியிருந்த ஒரு கேக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் பொலபொலவென்று உதிர்த்தாள்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தியா? மொதல்ல ஒடைக்கோணும். ஒடைச்சாத்தான் இதே வருது. பாத்தியா கண்ணு?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? இத்தனை வருஷம் அவர் சொல்லிவந்ததற்கு உலகத்தில் ஒரு பலகாரமே சாட்சிக்கு வந்து நின்றால் நான் ஒருத்தி என்ன பேசுவது? அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாளே ஒத்திகை ஆரம்பமாயிற்று. குக்கருக்குள் உப்பைக் கொட்டி, வளையத்தைக் கழற்றிவிட்டு, கேக் வேகவைத்தோம். நடுவில் குழி விழுந்தது. குழி விழணும் என்றுதான் நினைத்திருந்தாராம், உடைக்கச் சுலபம். உதிர்த்த தூளில் டப்பாப் பாலை ஊற்றிப் பிசைய வேண்டும். நான் ஸ்பூனைத் தேடுவதற்குள் அவர் டப்பாவையே கவிழ்த்துவிட்டார். அது உருண்டையாகாமல் கூழாக நின்றது. வயதானவர்களுக்குப் பல்லுக்கு இதமாக இருக்கும் என்று தெருவில் கிண்ணத்தில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த முறை உருண்டை நன்றாக வந்தது. சாக்லேட்டைக் கொதிநீர் மேல் வைத்து உருக்கும்போது மூடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அதில் விழுந்து, களிபோல இறுகிவிட்டது. அதைக் கிள்ளி அடை மாதிரித் தட்டி உருண்டையின் மேல் ஒட்டினார். பிறகு நான் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விட்டு இளக்கிக் காட்டினேன். உருண்டைகளைக் குச்சியில் குத்தி முக்கியதும் அவை ஒவ்வொன்றாகக் குச்சியைவிட்டுச் சாக்லேட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டன. முதலில் குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டு, குத்தி, குளிர்ச்சியில் இறுகவிட்டு, அப்புறம் முழுதாக முக்க வேண்டும் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.

"மலையே பிரிட்ஜுதானே. காத்துல வெச்சாப் போதும்" என்றார்.

அது என்னமோ உண்மைதான். ஆடிக் காற்றில் ஜன்னலோரம் வைத்தது கல்லாக இறுகியது. மேலே தூவ ஜீரக மிட்டாய். நிற்கவைக்க ஒரு வாழை மரத்துண்டை வெட்டி வந்து படுக்கவைத்து அதில் குத்தினோம். பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தெருக் குழந்தைகள் அத்தனை பேர் வாயும் கறுப்பு. பேன்சி கடையில் வாங்கியிருந்த குச்சிகளை எல்லாம் கழுவி எடுத்துவைக்கலாம் என்று நான் போனபோது, அவை அக்காவின் தோட்டத்தில் அவரைக்கொட்டை விதைத்த இடங்களுக்கு அடையாளமாக நின்றுகொண்டிருந்தன. கடையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

கடையில் இல்லை. ஆடிக் கூட்டத்துக்காக ஐஸ் விற்கிறவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது பதினெட்டாம் தேதி காலையில்தான் தெரிந்தது. அடுப்பில் ஒறம்பரைக்கு, அதாவது வரப்போகிற சம்பந்தி வீட்டாருக்கு, சமையல். முறத்தில் உருட்டிவைத்த உருண்டைகள். சாக்லேட் உருகித் தயாராக இருக்கிறது. குச்சி இல்லை. மூங்கிலைச் சீவலாம் என்றேன். அதற்குள் மாமாவின் போன் அடித்தது. கோயில் முடிந்து வந்துகொண்டிருக்கிறார்களாம். அக்கா கதவுக்குப் பின்னால் போய் ஒன்றை எடுத்துவந்தார். சந்தையில் வாங்கிக் கட்டுப் பிரிக்காமல் வைத்திருந்த தென்னை ஈர்க்குத் துடைப்பம்.

எங்கள் பக்கம் ஒருவரைப் பார்த்துச் சீமாற்றால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அடிப்பதாகச் சொன்னதற்கே அப்படி. சம்பந்தி வாயில் வைக்கக் கொடுத்தால்?

"அக்கா, அது சீமாறு."

"கூட்டுனாத்தான் சீமாறு. கூட்டாத வரைக்கும் ஈக்குக் குச்சி."

"அவியளுக்குத் தெரிஞ்சா பொண்ணு ஆயுசுக்கும் இந்தப் பக்கம் வர மாட்டா."

"ஆரு சொல்லப் போறா? நீ சொல்லுவியா?"

மஞ்சள் போட்டு வெந்நீரில் குச்சிகளைக் கொதிக்கவைத்தார். தடித்த பக்கமாக இரண்டிரண்டு குச்சி ஒரு உருண்டைக்கு. அடுப்பு வேறு எரிந்துகொண்டிருந்ததால் சாக்லேட் சரியாக இறுகவில்லை. ஈர்க்கு வளைந்து, எல்லா உருண்டைகளும் ஒரே பக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. ஆனால் விழவில்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். காரவள்ளி அம்மா மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, எதையும் விடாத கண். பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மகள் உள்ளே வரவில்லை. கோயில் பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். "இங்கியே இருக்கறனுங்க சித்தி" என்றாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா வாழை மரத்துண்டோடு கூடத்துக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து, விழாமலிருக்க உள்ளங்கையை அடியில் கொடுத்து நீட்டினார். கையெல்லாம் சாக்லேட்.

"இது என்னங்க பண்டம்?" என்றார் சம்பந்தியம்மா.

"குச்சி கேக்குங்க. உங்க மருமவளுக்குப் பிடிக்கும்."

"தலை தொங்குதுங்களே."

"ஒறம்பரை வந்தா தலை குனியோணும்ல? அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

மாமா "ம்" என்றார். சம்பந்தியம்மா ஒரு கடி கடித்தார். மென்றார். முகம் இளகியது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பார்த்தாயா என்று இருந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

உருண்டையைத் தின்று முடித்ததும் அந்த அம்மாவின் விரல்கள் குச்சியைத் தடவின. நுனியிலிருந்து அடிவரைக்கும் ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு. காரவள்ளியில் தென்னந்தோப்பில் ஓலை பொறுக்கி, ஈர்க்குச் சீவி, துடைப்பம் கட்டி விற்கிறவர் அவர். அது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

"ஏனுங்க, இது தென்ன ஈக்குங்களா?"

"ஆமாங்க."

"அடியில கயிறு அழுத்துன தடம் இருக்குதுங்க. சீமாத்துல உருவுனதுங்களா?"

பையன் கையிலிருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தான். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அப்படித்தான் நெ..."

அங்கேயே நின்றுவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் கைகொடுத்த அந்தப் பேச்சு இங்கே உதவாது. வீடு தேடி வந்த சம்பந்திக்குத் துடைப்பக் குச்சியில் பலகாரம் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன் என்று சொன்னால், தெரியாமல் செய்ததைவிட ஆயிரம் மடங்கு கேவலம். வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும். அக்கா வாசலைப் பார்த்தார். மகள் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் அப்படித்தான் சொல்லிச் சமாளிக்கப் போகிறாய், இல்லையா என்று அந்த முகம் கேட்டது.

"இல்லீங்க" என்றார் அக்கா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தப்பாப் போச்சுங்க."

கெட்டியான தையலாக இருந்தாலும் முதல் கண்ணியை அறுத்துவிட்டால் மீதி கூடவே வந்துவிடும். எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைத்தான் பார்த்தேன்.

"குச்சி எல்லாம் தீந்துபோச்சுங்க. அவரச் செடிக்குக் குத்திப்போட்டேன். வேற வழி தெரியலீங்க. உங்களக் கேவலப்படுத்தணும்னு செய்யலீங்க. மொதக் கேக்கு குழி உளுந்துபோச்சு. பாலு அதிகமா ஊத்தீட்டேன். ஜாக்கெட்டு அளவு மாத்திக் குடுத்துட்டேன், தெச்ச இந்தப் பொண்ணைக் கேளுங்க. பஸ்ஸு மாறி ஏறிப் போனேனுங்க. எனக்கு ஒண்ணும் சரியா வராதுங்க. என்ற பொண்ணு போனதுகூட எனக்குத் தெரியாதுங்க. நான் அனுப்பலீங்க. சனம் வந்து சொல்லித்தானுங்க எனக்கே தெரியும். என்ற பொண்ணை ஒருத்தரும் ஓடிப்போனவன்னு சொல்லீறக் கூடாதுன்னு, நானே அனுப்பி வெச்சேன்னு சொல்லீட்டேன். அவள அனுப்பறதுக்கு எனக்கு எப்படீங்க மனசு வரும்? உள்ள போயி அழுதனுங்க. இன்னைக்கும் அழுதுட்டுத்தான் இருக்கறனுங்க."

மாமா இந்த முறை "ம்" என்று சொல்லவில்லை. "ஆமாங்க" என்றார். "நானும் பஸ் ஏத்தி உடலீங்க."

சம்பந்தியம்மா கையிலிருந்த இரண்டு குச்சிகளையும் தட்டில் ஓரமாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

"சீமாறு கட்டித்தானுங்க நான் இவன வளத்தேன்" என்றார் மெதுவாக. "எனக்குச் சோறு போட்ட குச்சி. அதுல எனக்கு ஒரு கேவலமும் இல்லீங்க. ஆனா பொண்ணு போச்சுன்னு அழுதீங்கன்னு அன்னைக்கே ஒரு சொல்லு சொல்லி உட்டிருந்தீங்கன்னா, மறு பஸ்ஸுலயே நானே கூட்டியாந்து உங்க ஊட்டு வாசல்ல வெச்சுத் தாலி கட்ட வெச்சிருப்பனுங்க. பெத்தவளுக்கே ஆகாத பொண்ணுன்னு நெனச்சு, இவள நான் என்னென்னமோ பேசிப்போட்டனுங்களே."

சொல்லிவிட்டு அவர் மருமகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ள இரண்டு கைகளையும் முகத்துக்கு உயர்த்தினார்.

மகள் பையைப் படியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஓடிவந்து அம்மாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொடைக்காதம்மா, கையெல்லாம் சாக்லேட்டு" என்று சொல்லி, தன் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.